மூன்றரையால் பெருக்குதல்

"வெளிச்சவீட்டுக்குப் போகவேணும்" என்றார் இவர்.
"எந்த வீடு சார்? அட்ரஸ் இருக்கா?"
ஓட்டோக்காரர் கண்ணாடிக்குள் எங்களைப் பார்த்தார்.
"கேரளாவா?"
இல்லை, யாழ்ப்பாணம் என்றேன்.
அதற்குப் பிறகு
மெல்லமாய்த்தான் ஓட்டினார்,
மேடு பள்ளத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டபடி.
காசை மட்டும் குறைக்கவில்லை.

பலாலியில் ஏறினால்
தந்த தண்ணீர்ப் போத்தலைக் குடித்து முடிக்க முன்னம்
இறங்கிவிடுகிற தூரம்.
வெளிநாடு என்று கடவுச்சீட்டில் குத்தியிருக்கிறார்கள்.
காதுக்கு அதில் பாதிச் சம்மதம்தான்.

லிஃப்ட்டில் மேலே போனோம்.
கீழே வள்ளங்கள், காயப்போட்ட வலை,
ஒரு குதிரை,
குதிரைக்கு மேலே வீரிட்டு அழுகிற பிள்ளை.
எங்களோடு ஏறியவர்கள்
அவரவர் வீடிருக்கும் பக்கத்தைக் காட்டினார்கள்.
அதோ சாந்தோம். அதோ நம்ம ஸ்கூல். அந்த மஞ்சள் தொட்டிக்குப் பின்னாடி.
இவரும் தெற்கே விரலை நீட்டினார்.
வெறும் கடல்.
மடக்கிக்கொண்டார்.
காற்று என் குடையைத் திருப்பிப்போட்டது.

பாண்டி பஜாரில்
"தம்பி, இரண்டு தேத்தண்ணி."
பெடியன் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.
குடித்தோம். தாகமும்தான்.
பிறகு நான் "டீ" என்றேன்,
வகுப்பில் முதல்முதலாய் இங்கிலிஷ் வாசிக்கிற கூச்சத்தோடு.

ரங்கநாதன் தெருவில் நடக்கத் தேவையில்லை.
நின்றால் போதும்,
சனமே கொண்டுபோய்ச் சேர்க்கும்.
ஊசி ஒரு அட்டை பத்து ரூபாய்.
இவர் மூன்றரையால் பெருக்கினார்.
மிளகாய்த்தூள் தூவிய கொய்யாக்காய். பெருக்கினார்.
ஒரு சோடி ரப்பர் செருப்பு,
ஆறு எவர்சில்வர் கரண்டி,
"எங்கட காசில்" என்று தொடங்கி
பாதியில் ஒரு தள்ளுவண்டி இடிக்க
கணக்கை மறந்து
முதலில் இருந்து பெருக்கினார்.

சாறிக் கடை வாசலில்
கதவில்லாத நிலைபோல ஒரு சட்டம்.
அது கூவக் கூவ
ஊரே உள்ளே போய்க்கொண்டிருந்தது.
இவர் நின்றார்.
பையைக் கீழே வைத்தார்.
இரண்டு கையையும் தூக்கினார்.

ஒருவரும் கேட்கவில்லை.

காவலுக்கு நின்ற வடக்கத்திப் பெடியன்
"போங்க சார், போங்க" என்று சிரித்தான்.
பின்னால் வந்த கூட்டம்
இவரில் மோதி இரண்டாய்ப் பிரிந்து போனது.
நான் ஒரு கையால் பையை எடுத்தேன்.
மற்றக் கையால்
அவரின் முழங்கையைப் பிடித்து இறக்கினேன்,
கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கிறமாதிரி.

மகளின் எழுத்துக்கு ஒரு சாறி.
நாற்பது பிரித்துப் போட்டாள் விற்கிற பிள்ளை.
"நீங்க பேசுறது ரொம்ப அழகா இருக்கு ஆன்ட்டி,
இன்னும் ஏதாவது பேசுங்களேன்."
கேட்டவுடன் ஒரு சொல்லும் வரவில்லை.
"விலை குறைக்க ஏலுமோ?" என்றேன்.
கன்னத்தில் கைவைத்து ரசித்தாள்.
"ஃபிக்ஸட் ரேட் ஆன்ட்டி."

இரவு, எழும்பூர் லாட்ஜில்
கொளுவித் தூக்கும் தராசு
இருபத்தொன்று முந்நூறு காட்டியது.
இருபதுக்கு மேல் விடமாட்டார்கள்.
செருப்புப் பெட்டியை எறிந்தோம்.
கரண்டிகள் என் கைப்பைக்குள் போயின.
இன்னும் அறுநூறு.
"ஞானசீலன் கணக்குப் பிழைக்காது" என்று
தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு
வாங்கிய மூன்று சேட்டையும்
ஒன்றுக்கு மேல் ஒன்றாய்ப் போட்டார்.
காற்றாடி சுற்றச் சுற்ற வேர்த்தது.
கழற்றுங்கோ, பிளேன் நாளைக்குத்தானே என்றேன்.
கேட்கவில்லை.
கண்ணாடிக்கு முன்னால் நின்று
தொப்பையைத் தட்டிப் பார்த்தார்.

"கையைத் தூக்குங்கோ,
கமுக்கட்டில் பிடிக்குதோ என்று பார்ப்பம்."

தூக்கினார்.
விலைத்துண்டு அங்கே தொங்கியது.
ஐந்நூற்று நாற்பத்தொன்பது.
"எங்கட காசில எவ்வளவு?" என்றேன்.

இறக்காமலே
பெருக்கத் தொடங்கினார்.